நூற்று முப்பத்தொன்றாம் பக்கம்

மூன்று வரிசை முன்னால் தெரிந்த அந்தப் பின்கழுத்திடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று சுடர்விழிக்குப் பிடிபடவில்லை. முகமாக இருந்தால் பேசிவிடலாம். முகத்தோடு சண்டை போட்டு அவளுக்குப் பழக்கம். எதிரே இருப்பவரின் புருவம் ஏறினால் இவள் குரலும் கூடவே ஏறும், எதிராளி சிரித்தால் இவளுக்கு இன்னும் கோபம் வரும், கோபம் வந்தால் வார்த்தை தானாக வரும். பின்கழுத்து அப்படி எதுவும் செய்யாது. சுத்தமாக மழித்து, பவுடர் போட்டு, நீலக் காலருக்கு மேலே ஒரே ஒரு மடிப்பு விழுந்து, முப்பத்திரண்டு வருஷம் வகுப்பெடுத்த கழுத்து அது. பல்கலைக்கழகப் பேருந்து நாலேகாலுக்குப் புறப்பட்டாயிற்று, நகரத்துக்கு முக்கால் மணி நேரம், ஐந்து மணிக்குள்ள சொல்லிரு சுடர், அதுக்கப்புறம் அச்சடிக்கிற பிளேட்டுக்குப் போயிரும், நான் நினைச்சாலும் நிறுத்த முடியாது என்று கோகிலா அக்கா மதியமே போனில் சொல்லிவிட்டாள். கோகிலா அக்காவுடையது பிள்ளைகளுக்கான புத்தகங்களை மட்டும் போடுகிற சின்னப் பதிப்பகம். சுடர்விழியின் முதல் நாவல், பத்து வயதிலிருந்து பதிமூன்று வயதுக்குள் இருக்கிற பிள்ளைகளுக்கென்று அவள் இரண்டு வருஷம் எழுதிய நாவல், அங்கேதான் இன்றைக்கு அச்சேறப் போகிறது. கழுத்து அவளுடைய ஆய்வு நெறியாளர் பேராசிரியர் அம்பலவாணனுடையது. புத்தகத்தின் முதல் நான்கு பக்கம் அவர் எழுதித் தந்த அணிந்துரை. அந்த அணிந்துரை வேண்டாம். இவ்வளவுதான் சொல்ல வேண்டும். ஐயா, வேண்டாம். இரண்டு சொல். இந்த இரண்டு சொல்லுக்காக நேற்று ராத்திரி தூங்கவில்லை, காலையில் இட்லி இறங்கவில்லை, துறையில் அவர் அறை வாசல்வரை மூன்று தடவை போய்த் திரும்பினாள், மூன்றாவது தடவை உள்ளேயிருந்து "யாரும்மா?" என்று அவர் கேட்டதும் "ஒண்ணுமில்லீங்கய்யா, ஃபேன் ஓடுதான்னு பார்த்தேன்" என்றாள். ஃபேன் ஓடுதான்னு. ஆய்வரங்கத்தில் வெளியூர்ப் பேராசிரியரின் மைக்கைப் பிடுங்காத குறையாகக் கேள்வி கேட்டவள் பேசுகிற பேச்சா இது.

அவளை இப்படி ஆக்கி வைத்திருப்பது ஒரே ஒரு வாக்கியம். அணிந்துரையின் இரண்டாவது பக்கத்தில், நட்ட நடுவில் அது உட்கார்ந்திருக்கிறது. இப்போது கண்ணை மூடினாலும் எழுத்தெழுத்தாகத் தெரிகிறது: பள்ளி மணியைக் கவர்ந்தது வேறெவருமல்லர், நாயகி பொம்மியின் உயிர்த்தோழியாகிய சிட்டுவே என்பதை நூற்று முப்பத்தொன்றாம் பக்கம் வரை ஆசிரியர் மறைத்துச் செல்லும் திறம் எண்ணி எண்ணி வியத்தற்குரியது. பக்க எண்ணோடு. பாவி மனுஷன் பக்க எண்ணோடு எழுதியிருக்கிறார். ஒளித்து வைத்த சாமர்த்தியத்தைப் பாராட்டுகிறவர், ஒளித்து வைத்ததை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் தொங்கவிட்டுவிட்டுப் பாராட்டுகிறார். ஒரு பள்ளிக்கூடத்தில் வெண்கல மணி காணாமல் போகிறது, அதுதான் கதை. தலைமையாசிரியர் விசில் ஊதிப் பார்க்கிறார், சத்துணவுத் தட்டைக் கரண்டியால் தட்டிப் பார்க்கிறார், நாலாவது பீரியட் முடிந்தது தெரியாமல் கணக்கு வாத்தியார் மூன்று பீரியடுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறார். பொம்மியும் சிட்டுவும் துப்பறியக் கிளம்பி, வாட்ச்மேன், ஐஸ் வண்டிக்காரர், எட்டாம் வகுப்பு அண்ணன்கள் என்று ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டு, ஒவ்வொருவரிடமும் அசடு வழிந்து திரும்புகிறார்கள். கடைசியில் நூற்று முப்பத்தொன்றாம் பக்கத்தில் சிட்டு தானே சொல்கிறாள். நான்தான் எடுத்தேன். மணி அடிக்கலேன்னா ஸ்கூல் விடாதுன்னு நினைச்சேன். ஸ்கூல் விட்டால் அவள் பெரியம்மா வீட்டுக்குப் போக வேண்டும். அம்மா வெளிநாட்டில் யார் வீட்டிலோ பாத்திரம் தேய்க்கப் போன பிறகு, பெரியம்மா வீட்டில் இவள் தேய்க்கிறாள். அந்த ஒரு பத்தியை எழுத சுடர்விழிக்கு ஐந்து மாதம் பிடித்தது. முதலில் சிட்டு அழுதாள், அதை இவள் அடித்துப் போட்டாள், பிறகு சிட்டு காரணத்தை நீளமாகச் சொன்னாள், அதையும் அடித்துப் போட்டாள், கடைசியில் சிட்டு இரண்டு வரி சொல்லிவிட்டுத் தன் ரிப்பனைக் கழற்றித் திரும்பக் கட்டிக்கொள்கிறாள், அவ்வளவுதான் நின்றது. அந்த ரிப்பனுக்கு முன்னால் இப்போது நான்கு பக்கம் நிற்கிறது. நான்காவது பக்கத்தில், களவு தீதென்னும் அறத்தைப் பிஞ்சு நெஞ்சங்களில் பதியமிடும் இந்நூல், வழிதவறிய சிறுமியரை மன்னித்து ஏற்கும் பெருங்குணத்தையும் வளர்க்கும் என்று முடிகிறது. வழிதவறிய சிறுமியாம். பதினோரு வயதுப் பிள்ளை வீட்டுக்குப் போகப் பயந்துகொண்டு ஒரு மணியை எடுத்து வைக்கோல் கொட்டகையில் ஒளித்தால் அது வழிதவறுதல். அவளைத் தேய்க்க வைத்தவர்கள் எல்லாரும் நேர்வழியில் போய்க்கொண்டிருக்கிறார்களாக்கும்.

கேட்டது யார் என்று பார்த்தால் அங்கேயும் இவள்தான் நிற்கிறாள். முதல் புத்தகம் அணிந்துரை இல்லாமல் வந்தால் துணைக்கு ஆளில்லாமல் பெண் பார்க்கப் போன மாதிரி இருக்கும் என்று யாரோ சொன்னார்கள், அதைக் கேட்டு ஆய்வாளர் அறையே சிரித்தது, இவளும் சிரித்தாள், சிரித்துவிட்டு மறுநாள் காலையில் போய் "ஐயா, ஒரு நாலு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா போதும்" என்று நின்றாள். அணிந்துரை, வாழ்த்துரை, மதிப்புரை, என்னுரை, நன்றியுரை என்று கல்யாணப் பந்தலில் வரிசையாக நின்று சந்தனம் தெளிப்பது போல ஆட்களை நிறுத்திவிட்டுத்தான் ஒரு தமிழ்ப் புத்தகம் வாசகரை உள்ளே விடும் என்று போன வருஷம் கருத்தரங்கத்தில் கட்டுரையே படித்தவள் அவள். கைதட்டல்கூடக் கிடைத்தது. தனக்கென்று வந்தபோது பயந்து போனாள், அதுதான் உண்மை, யாராவது ஒரு பெரிய பெயர் முன்னால் நின்று இது நல்ல பிள்ளைதான் உள்ளே வாருங்கள் என்று சொல்லமாட்டார்களா என்று ஆசைப்பட்டாள். அவரும் நாலு வரியாக எழுதவில்லை, நாலு பக்கமாக எழுதினார். இரண்டு தடவை நாவலைப் படித்தார். விட்டுப்போன ஒற்றுகளையெல்லாம் பென்சிலால் போட்டுத் தந்தார், ஒன்றையும் விடவில்லை. எழுதி முடித்த அன்றைக்கு மழை. பாலித்தீன் கவரில் சுற்றி, ஸ்கூட்டரில் வந்து, விடுதி வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே போனார் என்று வாட்ச்மேன் சொன்னார். அந்த ஈரக் கவரைத்தான் மறக்க முடியவில்லை. மோசமான மனிதராக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியம். அன்றிரவே அவர் போன் செய்தார். "படிச்சியாம்மா?" "படிச்சேங்கய்யா. ரொம்பச் சிறப்பா இருக்கு." படித்தது முதல் பக்கம் மட்டும். அதில்தான் இவளைப் பற்றி இருந்தது, எரிந்து விழும் கேள்விகளும் ஈரம் உலராத நெஞ்சும் கொண்ட என் மாணவி என்று இருந்தது, அதையே ஐந்து தடவை படித்துவிட்டு, படம் எடுத்துக் கோகிலா அக்காவுக்கு அனுப்பிவிட்டு, மெஸ்ஸில் போய் இரண்டு சப்பாத்தி கூடுதலாகச் சாப்பிட்டாள். தன்னைப் பற்றிய பக்கத்தோடு நிறுத்திக்கொண்டாள். இரண்டாவது பக்கத்தை நேற்றுச் சாயங்காலம் மெய்ப்பில்தான் பார்த்தாள். யாரைக் கோபித்துக்கொள்வது.

"கண்ணாலயே அவரு தலையில ஓட்டை போடாத" என்றாள் பக்கத்தில் இருந்த பர்வீன். பர்வீனும் அதே துறையில் ஆய்வாளர், இரண்டு வருஷம் மூத்தவள், எதையும் சண்டையில்லாமல் முடித்துவிட ஒரு வழி வைத்திருப்பவள். "போயி பேசணும்னா போ. இல்லாட்டி விடு. எந்தப் புள்ளைடி அணிந்துரை படிக்குது?" நான் படிச்சேன் என்றாள் சுடர்விழி. "நீ பஸ் டிக்கெட்டுக்குப் பின்னாடி இருக்கிறதையும் படிப்ப, உன்னைக் கணக்குல சேக்கக் கூடாது." அப்படியில்லை, எங்கள் பள்ளிக்கூடத்தில் வாரத்துக்கு ஒரு நூலக வகுப்பு, இருப்பது ஒரு புத்தகம், டீச்சர் முதல் பக்கத்திலிருந்து சத்தமாக வாசிப்பார், பதிப்பகத்து முகவரி, பின்கோடு எல்லாம் வாசிப்பார், அணிந்துரை முடிவதற்குள் மணி அடித்துவிடும், அடுத்த வாரம் திரும்ப முதலிலிருந்து, அப்படி நான் கதை தெரியாத புத்தகமே படித்ததில்லை என்று அவள் சொல்ல, பர்வீன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சரி, பின்னாடி போடச் சொல்லு. கடைசிப் பக்கத்துல." கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாத பிள்ளையை நீ பார்த்திருக்கியா. "அப்ப அந்த ஒரு வரியை மட்டும் உருவிரு. அவரு என்ன அச்சானதும் கண்ணாடியப் போட்டுக்கிட்டு எழுத்தெண்ணிப் பாக்கப் போறாரா?" பார்க்க மாட்டார். அதுதான் சங்கடம். அவர் பார்க்க மாட்டார் என்று தெரிந்து அவர் பெயருக்கு மேலே இருக்கிற எழுத்தை அவருக்குச் சொல்லாமல் எடுப்பதற்கு என்ன பெயர். களவு தீதென்று நான்காவது பக்கத்தில் அவரே எழுதியிருக்கிறார். அதோடு அந்த ஒரு வரியை உருவினால் நிற்காது. மூன்றாவது பக்கம் முழுக்கச் சிட்டு ஏன் திருடினாள் என்ற ஆராய்ச்சி, நான்காவது பக்கம் முழுக்க அவளுக்கு மன்னிப்பு. அஸ்திவாரத்தில் கல்லை உருவிவிட்டு மாடியை மட்டும் வைத்துக்கொள்ள முடியுமா. "நீ எதுக்கும் ஒத்துவர மாட்டே" என்று பர்வீன் பையை எடுத்து மாட்டிக்கொண்டாள், பால்பண்ணை நிறுத்தம் அவளுடையது. "ஒண்ணு மட்டும் யோசி சுடரு. புஸ்தகம் இன்னைக்கு வரும், நாளைக்கு மறந்துருவாங்க. தீசிஸ்ல கையெழுத்துப் போட வேண்டியவரு அவரு." அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் இறங்கிவிட்டது. பேருந்து நின்றது, இறங்கினாள், வெளியே நின்று ஜன்னலைப் பார்த்து, அடக்கி வாசி என்பது போல உள்ளங்கையைக் கீழே தாழ்த்திக் காட்டினாள்.

கையெழுத்து. மூன்றாவது இயல் பாதியில் கிடக்கிறது, இன்னும் ஒன்றரை வருஷம், உதவித்தொகைப் படிவம் மாதாமாதம் அவர் மேசைக்குப் போய்த்தான் வர வேண்டும். அவர் ஒன்றும் செய்ய மாட்டார். செய்ய மாட்டார் என்றுதான் நினைக்கிறாள். ஆனால் ஒன்றும் செய்யாமலேயே எவ்வளவோ செய்யலாம். பார்க்கலாம்மா என்று ஒரு சொல், அது மூன்று மாதத்தைத் தின்னும். துறையில் முன்பு ஆய்வாளராக இருந்த ஜெரால்டு அண்ணனுக்கு இன்னொரு நெறியாளரிடம் நடந்தது, சாப்பிட்ட டிபனுக்குக் காசு கொடுக்கவில்லை என்பது மாதிரி ஏதோ ஒரு மனத்தாங்கல், என்னவென்று கடைசிவரை யாருக்கும் தெரியாது, இப்போது அண்ணன் நெல் வியாபாரம் பார்க்கிறான். ஐயா, ஒரு சின்ன விஷயம். வேண்டாம், சின்ன விஷயம் இல்லை இது. ஐயா, பதிப்பகத்துல பக்கம் அதிகமாயிருச்சுங்கறாங்க. பொய். பதிப்பகத்தின் தலையில் போடுவது லேசு, கோகிலா அக்கா அதை எதிர்பார்த்தே முன்கூட்டித் தப்பித்துக்கொண்டாள்: எடுக்கிறதுன்னா எடுக்கலாம், ஆனா அவர்கிட்ட நீதான் சொல்லணும், எங்க பேரு வரக்கூடாது, அவரு பேரைப் பார்த்துத்தான் நாலு பள்ளிக்கூடத்துல வாங்குவாங்க. ஐயா, உங்க அணிந்துரை ரொம்ப ஆழமா இருக்கு, பிள்ளைகளுக்குத் தாங்காது. இதைச் சொன்னால் அவர் நம்பிவிடுவார், அதனால்தான் இதைச் சொல்லக் கூடாது. சுங்கச்சாவடி வந்துவிட்டது. வெயில் சாய்ந்து அவர் காதின் விளிம்பு சிவப்பாகத் தெரிகிறது. அவர் தூங்கவில்லை, மடியில் ஒரு கட்டுத் தாள், கையில் பென்சில். இன்னொருவருடைய கையெழுத்துப் பிரதி. இன்னொரு அணிந்துரை. துறையில் அணிந்துரை ஐயா என்றே பெயர் அவருக்கு, யார் கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாது, கவிதை, சமையல், கோயில் வரலாறு, கிணறு வெட்டுவது எப்படி, எல்லாவற்றுக்கும் முன்னால் போய் நின்றிருக்கிறார். நின்று, வருகிறவர்களிடம் தோளில் கை வைத்து, இவர் இன்னார் என்று சொல்லி. தோளில் கை வைத்து.

இந்த இடத்துக்கு வந்துவிடக் கூடாது என்றுதான் நேற்றிலிருந்து வேறு எல்லா இடத்திலும் சுற்றிக்கொண்டிருந்தாள், வந்துவிட்டது. ஆறாம் வகுப்பு, ஆடி மாதம், பள்ளி திறந்து ஒன்றரை மாதம் கழித்து வந்து சேர்ந்த செல்வராணி. வகுப்பு டீச்சர் அவள் தோளில் கை வைத்துக் கூட்டிக்கொண்டு வந்து கரும்பலகைக்கு முன்னால் நிறுத்தினார், கோபமாகக்கூட இல்லை, கொஞ்சம் சிரித்த முகமாகத்தான் இருந்தார். புதுசா வந்திருக்கா, பேரு செல்வராணி, கை கொஞ்சம் நீளம்னு பழைய ஸ்கூல்லயே சொல்லி அனுப்பியிருக்காங்க, அவங்கவங்க சாமானை அவங்கவங்க பாத்துக்கங்க. வகுப்பு சிரித்தது. செல்வராணியும் என்னவென்று புரியாதது போலச் சிரித்தாள், இரண்டு கையையும் பாவாடைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள். இவள் பக்கத்தில்தான் இடம் இருந்தது. வந்து உட்கார்ந்ததும் சுடர்விழி செய்த முதல் காரியம் தன் ஜாமெட்ரி பாக்ஸை அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு மாற்றி வைத்தது. செல்வராணி பார்த்தாள். பார்த்ததையும் இவள் பார்த்தாள். அந்த வருஷம் முழுக்க எந்தப் பிள்ளையின் எதுவும் காணாமல் போகவில்லை, ஒரே ஒரு தடவை தவிர. மாசியில் இவளுடைய காம்பஸ் காணோம். இவள் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான், அவள் பார்த்ததும் மொத்த வகுப்பும் பார்த்தது, செல்வராணி எழுந்து பையைத் தலைகீழாகக் கொட்டினாள், யாரும் கேட்காமலேயே, அதுதான், யாரும் கேட்காமலேயே. இரண்டு நோட்டு, ஒரு டப்பா, பாதி கடித்த கொய்யா. அன்று சாயங்காலம் காம்பஸ் இவளுடைய பையின் கிழிந்த உள்துணிக்குள் கிடைத்தது. மறுநாள் சொல்லவில்லை. அதற்கு மறுநாளும் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் கையைத் தூக்கிக் கேள்வி கேட்கிற பிள்ளை, டீச்சரே அடங்கு அடங்கு என்று சொல்கிற பிள்ளை, இதற்குக் கை தூக்கவில்லை. பரீட்சை முடிந்ததும் செல்வராணி வேறு ஊருக்குப் போய்விட்டாள். முதலில் அவளைத் தெரிந்துகொண்டிருந்தால், தோளில் கை வைத்த அந்த ஒரு நிமிஷம் இல்லாமல் அவள் சும்மா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்திருந்தால், கொய்யாவைப் பங்கு போட்டுத் தின்றிருப்பார்கள், இரண்டு பேரும் வாயாடிகளாக இருந்திருக்கலாம், யாருக்குத் தெரியும். அதற்காகத்தான் நூற்று முப்பது பக்கம். சிட்டு யார், சிட்டு எப்படிச் சிரிப்பாள், ஓடும்போது ஒரு செருப்பை ஏன் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவாள், எந்த ஆசிரியரைப் போல நடித்துக் காட்டுவாள் என்று நூற்று முப்பது பக்கம் அவளோடு சுற்றிவிட்டு, வாட்ச்மேனையும் ஐஸ்காரரையும் சந்தேகப்பட்ட வெட்கத்தோடு வந்து நிற்கிற பிள்ளைதான் நூற்று முப்பத்தொன்றைப் புரட்ட வேண்டும். ஒரு பிள்ளைகூட ஜாமெட்ரி பாக்ஸை நகர்த்தி வைத்துக்கொண்டு அவளைப் படிக்க ஆரம்பிக்கக் கூடாது. ஒரு பிள்ளைகூட.

பெரியாஸ்பத்திரி நிறுத்தத்தில் பேராசிரியருக்குப் பக்கத்தில் இருந்த நூலகர் இறங்கினார். அந்த இடம் காலியாயிற்று. முன் வரிசைகள் ஆசிரியர்களுக்கு என்று எங்கும் எழுதி வைக்கவில்லை, ஆனால் ஆய்வாளர்கள் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தாலும் அங்கே உட்கார்ந்ததில்லை, பெண்கள் சொல்லவே வேண்டாம். மணி நாலே முக்கால். எழுந்தாள், ஓடுகிற வண்டியில் ஒவ்வொரு சீட்டாகப் பிடித்துக்கொண்டு போனாள், பின்னாலிருந்து யாரோ "ஏய், எங்க போற?" என்று கிசுகிசுத்தார்கள். "உக்காரலாமாங்கய்யா?" அவர் நிமிர்ந்து பார்த்தார், கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டார், காலியிடத்தில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "உக்காரும்மா. என்ன, மூணாவது இயலா?" "இல்லீங்கய்யா. புத்தகம். அஞ்சு மணிக்கு அச்சுக்குப் போகுது. ஐயாவோட அணிந்துரை இல்லாமப் போகணும்." ஒத்திகை பார்த்ததில் ஒரு வரிகூட இதில் இல்லை. சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது காதில் விழுந்தது. அவர் பென்சிலைத் தாள்களுக்கு நடுவில் அடையாளமாக வைத்து மூடினார். "ரொம்பச் சிறப்பா இருக்குன்னு சொன்னியேம்மா." "முதல் பக்கம் மட்டும்தான் படிச்சிருந்தேன். அதுல என்னைப் பாராட்டியிருந்தீங்க. அதோட நிறுத்திட்டேன். அது என் தப்பு." "மிச்சத்துல என்ன தப்பு?" "முடிவைச் சொல்லிட்டீங்க." அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது, இது பதில் தெரிந்த கேள்வி என்பது போல. "முடிவு தெரிஞ்சா செத்துப் போயிரும்னா அது என்னம்மா இலக்கியம்? கூத்து பாக்கிறவனுக்கு முடிவு தெரியாதா? தெரிஞ்சுக்கிட்டுத்தானே விடிய விடிய உக்காந்திருக்கான்?" நல்ல வாதம். ஒரு கணம் அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, பின்கழுத்து முகமாக மாறிவிட்டது, இனிமேல் பேசலாம். "கூத்துல முடிவு மட்டும் இல்லீங்கய்யா, ஆளையும் அவனுக்கு முன்னாடியே தெரியும். பிறந்ததுலேருந்து தெரியும். சிட்டுவை யாருக்கும் தெரியாது. பிள்ளைங்க முதல்ல அவளைத் தெரிஞ்சுக்கணும். திருடின்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் அவளைத் தெரிஞ்சுக்கக் கூடாது. நாலாவது பக்கத்துல அவளை மன்னிக்கச் சொல்றீங்க. மன்னிக்கிறதுக்காக நான் எழுதலீங்க." குரல் ஏறியிருக்க வேண்டும், ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார். "வேணும்னா அந்த ஒரு வரியை அடிச்சுக்க" என்றார் அவர். "மூணும் நாலும் அந்த வரியிலதான் நிக்குதுங்கய்யா. எட்டுத் தடவை படிச்சுப் பாத்துட்டேன்." "எட்டுத் தடவையா." "ஆமாங்கய்யா." "எழுதின நானே ரெண்டு தடவைதான் படிச்சேன்" என்றார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மேம்பாலத்தில் ஏறியது பேருந்து. கீழே தண்டவாளங்கள் போயின, சரக்கு வண்டி ஒன்று நின்றது, அவர் அதன் பெட்டிகளை எண்ணுவது போலப் பார்த்துக்கொண்டே வந்தார், இவள் ஈரக் கவரை நினைத்தாள், நினைத்தும் வாயைத் திறக்கவில்லை, இப்போது மன்னிச்சுக்குங்க என்று ஒரு சொல் வந்துவிட்டால் அது எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போய்விடும் என்று தெரிந்தது. பாலம் இறங்கியது. "எடுத்துரு" என்றார். பிறகு, "மூணாவது இயல் எப்ப தர்றே?" "வெள்ளிக்கிழமைங்கய்யா." "வெள்ளிக்கிழமை நான் இருக்க மாட்டேன். திங்கக்கிழமை கொண்டா. நானும் எட்டுத் தடவை படிக்கிறேன்." அது மிரட்டலா, வருத்தமா, வெறும் பேச்சா என்று அந்தக் குரலில் தேடினாள், கிடைக்கவில்லை, கிடைக்காததை வைத்துக்கொண்டே ஒன்றரை வருஷம் ஓட்ட வேண்டியதுதான், ஓட்டலாம், படிக்கட்டும், எட்டுத் தடவை படிக்கட்டும், எட்டுத் தடவையும் நிற்கிற மாதிரி எழுதினால் போயிற்று. அங்கேயே உட்கார்ந்தபடி போனை எடுத்தாள். எழுந்து பின்னால் போய்ப் பேசலாம் என்று தோன்றியது, போகவில்லை. "அக்கா, சுடர்விழி. அணிந்துரை வேண்டாம். நாலு பக்கத்தையும் எடுத்துருங்க." அந்தப் பக்கம் கோகிலா அக்கா ஏதேதோ சொன்னாள், கடைசியில், முன்னாடி நாலு பக்கம் காலியா நிக்குமே, அதுல என்னத்தைப் போடுறது என்றாள், சத்தமாகப் பேசுகிறவள், பக்கத்துச் சீட்டுக்குத் தாராளமாகக் கேட்கும். பேராசிரியர் ஜன்னலிலிருந்து திரும்பவில்லை. "காலியா விடச் சொல்லாத" என்றார் வெளியே பார்த்தபடியே, "கதையை முன்னாடி இழுத்துக்கச் சொல்லு. மிச்சம் வர்ற நாலு பக்கத்தைக் கடைசியில வச்சு அவங்க புத்தகப் பட்டியலைப் போட்டுக்குவாங்க. வழக்கந்தான்." அவள் அதை அப்படியே போனில் சொன்னாள். "யாரு சொல்றா இதெல்லாம் உனக்கு?" "ஐயாதான். பக்கத்துல இருக்காரு." "பக்கத்துலயா? அவரை வச்சுக்கிட்டேவா எடுக்கச் சொல்றே?" "ஆமாக்கா" என்றாள் சுடர்விழி. "அவரை வச்சுக்கிட்டுத்தான் சொல்றேன். கதை முதல் பக்கத்துல ஆரம்பிக்கட்டும்."